காட்டிக்கொடுப்பா, கைகொடுப்பா?

தாதியர் கல்வி பயிலும் மாணவி ஒருத்தி இரவில் மது அருந்திவிட்டு, விடிய வைத்தியசாலைக்குப் பயிற்சிக்கு வருகிறாள். கூடப் படிக்கும் சிநேகிதிக்கு இது தெரியும். அவள் சொல்ல வேண்டுமா, பேசாமல் இருக்க வேண்டுமா? பிரித்தானியாவில் எம்மவர் பிள்ளைகளும் இக்கல்வியைப் பயில்வதால், பெற்றோராகிய நாமும் இதைச் சிந்திக்க வேண்டும்.

“பல்கலைக்கழகத்தில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதானே” என்று சிலர் சொல்வர். கணக்கைப் பார்ப்போம். 13.5 வீத மதுசாரமுள்ள 750 மில்லிலீற்றர் வைன் போத்தல் ஒன்றில் சுமார் 10 அலகு உண்டு. எமது உடல் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஓர் அலகையே அகற்றும். இரவு 11 மணிக்குத் தொடங்கி ஒரு போத்தலை முடித்தவரின் இரத்தத்தில் காலை 7 மணிக்கும் மது எஞ்சியிருக்கும். கோப்பி குடித்தாலும் குளித்தாலும் அது விரைவில் நீங்காது. வேறு பாடம் படிக்கும் பிள்ளை தூங்கி விழுந்தால் ஒரு விரிவுரை வீணாகும். இங்கோ கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கே ஆபத்து.

இரவு வேலை, பணமுடை, முதன்முதலாகக் காணும் மரணம் என இப்பிள்ளைகளின் பாரம் பெரிது. சிலர் மதுவையும் போதைப்பொருளையும் நாடுவதன் காரணம் விளங்குகிறது. ஆனால் காரணம் விளங்குவதால் ஆபத்துக் குறையாது.

வைத்தியசாலையில் மோர்பீன் போன்ற மருந்துகளைப் பூட்டிய அலுமாரியில் வைப்பர். எடுக்கும்போது பொதுவாக இருவர் கையொப்பமிடுவர். மீதியை எண்ணிப் பதிவர். கணக்குத் தொழில் செய்யும் எமக்கு இம்முறை பழக்கமானது. இரண்டாவது கையொப்பத்தால் முதலாமவர் கள்வராகிவிடுவதில்லை. எவரும் தடுமாறலாம் என்பதற்கான காவல் அது. நல்ல சிநேகிதியும் அத்தகைய காவலே.

காட்டிக்கொடுத்தல் என்ற சொல் எமக்குக் கசப்பானது. நாம் விட்டுவந்த மண்ணில் அச்சொல்லால் உயிர்களே போயின. ஆனால் காட்டிக்கொடுப்பவன் ஒருவரை அழிப்பவர் கையில் ஒப்படைக்கிறான். இங்கே ஒப்படைப்பது உதவக்கூடியவரிடம். பிரித்தானியத் தாதியர் பேரவையின் விதிப்படி, ‘நல்ல உடல்நலம்’ என்பது எந்த நோயும் இல்லாதிருப்பதைக் குறிப்பதன்று. பாதுகாப்பாகப் பணிசெய்ய இயல்வதையே குறிக்கும். ஆகவே வேளைக்கு உதவி கேட்டுச் சுகமடைபவருக்கு வழி அடைபடுவதில்லை. மறைத்து, பின்னர் அகப்படுபவரின் நிலைதான் கடினம்.

எனவே முதலில் அவளிடமே சொல்ல வேண்டும். ஆசிரியரிடம் அவளாகவே போக இடம் கொடுக்க வேண்டும். ஆனால் அன்று காலை அவள் நோயாளியருகே நிற்கப் போகிறாள் என்றால், காத்திருக்க நேரமில்லை. உடனே பொறுப்பாளரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

எமக்கும் ஒரு கடமையுண்டு. “சனம் என்ன சொல்லும்?” என்று வீட்டில் எல்லாவற்றையும் மூடி மறைத்தால், பிள்ளை மறைக்கப் பழகுவது எம்மிடமிருந்தே. தவறிய பிள்ளை முதலில் எம்மிடம் வந்து சொல்லக்கூடியதாக எமது வீடு இருக்கிறதா? சிந்திப்போமாக.