எதிர்ப்பவருக்காக ஒரு ஜெபம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் உள்ளே தள்ளிய நகர்களில் நடந்தால் சிறு சபைகள் பல கண்ணில் படும். கீழே ஹார்டுவேர் கடை, மேலே தகரக் கூரை போட்ட ஜெபக்கூடம். தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் ஞாயிறு ஆராதனைக்கு வந்து உட்காருகிறவர்கள் அங்கே உண்டு. சாட்சி நேரத்தில் அவர்கள் எழுந்து சொல்வதில் எதிர்ப்பின் கதைகள் நிறைய. ஞானஸ்நானம் எடுத்த மகளோடு பேச்சை நிறுத்திக்கொண்ட பெற்றோர், ஜெபக்கூடம் என்றதும் வாடகைக்கு இடம் தர மறுத்தவர், தெருவில் வழிமறித்து ஏசியவர்.

எதிர்ப்பு வந்ததும் 'இது சாத்தானின் வேலை' என்று சொல்லிவிடுகிறோம். அவசரம் வேண்டாம். மாடியில் வைத்த பாக்ஸ் ஸ்பீக்கர் தெருவைப் பார்த்து அலறுகிறது. எதிர்வீட்டில் பிளஸ் டூ தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை ஜன்னலைச் சாத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறது. அதன் அப்பா படியேறி வந்து கோபப்பட்டால், அவர் சண்டை சத்தத்தோடுதான், சுவிசேஷத்தோடு இல்லை. அங்கே ஸ்பீக்கரைத் திருப்பி வைப்பதே தேவபக்தி. தன் தப்புக்காகப் படும் பாடு வேறு, கிறிஸ்துவின் பெயருக்காகப் படும் பாடு வேறு என்று பேதுருவே தம் முதல் நிருபத்தில் பிரித்துக் காட்டுகிறார்.

விசுவாசத்துக்காகவே வருகிற எதிர்ப்பும் உண்டு. அதை வாய்மூடிச் சகிப்பது ஒன்றே வழி என்று வேதம் சொல்லவில்லை. பவுல் தம் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொன்னார். இராயனிடம் மேல்முறையீடு செய்தார். நமக்கும் அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மதச் சுதந்திரம் தந்திருக்கிறது. காவல் நிலையத்தில் மனு கொடுப்பது விசுவாசக் குறைவு ஆகாது. மனு எழுதும்போது நெஞ்சில் பகை வளர்கிறதா என்பதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பகை வளரவிடாத ஒருவர் நினைவுக்கு வருகிறார். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிரஹாம் ஸ்டெயின்ஸும், அவருடைய மகன்கள் 10 வயது பிலிப்பும், 6 வயது தீமோத்தேயும் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். கிரஹாம் 1965 முதல் மயூர்பஞ்ச் பகுதியில் தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செய்தவர். கணவரையும் இரு மகன்களையும் ஒரே இரவில் இழந்த கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. குற்றவாளிக்குத் தண்டனை கொடுத்தது. மன்னிப்பும் நீதியும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. கிளாடிஸ் செய்ததில் என்னை அதிகம் அசைப்பது, மன்னித்தேன் என்று சொன்ன பிறகு அவர் உடனே ஊரைவிட்டுப் போய்விடவில்லை என்பது. மகள் எஸ்தரோடு சில ஆண்டுகள் பாரிபதாவிலேயே தங்கினார். தொழுநோய் இல்லத்தை நடத்தினார். 2004-இல் கணவர் பெயரில் அங்கே ஒரு மருத்துவமனை எழுந்தது. 2005-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தது. வாயால் சொன்ன மன்னிப்புக்குப் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்ட அந்த ஆண்டுகளே சாட்சி.

பகைவரை நேசிக்கச் சொன்னார் இயேசு. உபவாசம் வீட்டுக்குள் தனியே இருக்கலாம். காணிக்கையை யாருக்கும் தெரியாமல் போடலாம். இந்தக் கட்டளையை மட்டும், எதிர்ப்பவர் ஒருவர் எதிரே வந்து நிற்காமல் நம்மால் கைக்கொள்ளவே முடியாது. நம் பக்தி உண்மையா என்று நமக்கே தெரியவைக்கிறவர் அவர்தான்.

எதிர்ப்பு ஒழிய வேண்டும் என்று ஜெபிக்கத் தெரிந்த நாம், எதிர்க்கிறவர் நன்றாக இருக்க வேண்டும் என்று, அவர் பெயரையும் அவர் வீட்டார் பெயரையும் சொல்லி, மனதார ஜெபிக்கக் கற்க வேண்டும். தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களுக்காகவே பிதாவிடம் மன்றாடியவரின் பிள்ளைகள் நாம். அப்படி மன்றாடுகிற நெஞ்சில் பகைக்கு இடம் கிடைக்காது. பகை நுழைய முடியாத நெஞ்சை எந்த எதிர்ப்பும் தோற்கடித்ததில்லை.