சித்திரக்கதையும் சௌலப்யமும்

இறைவன் யாருக்காக உருவம் கொள்கிறான் என்னும் வினாவுக்கு நம் பெரியோர் அளித்த விடைகளுள், பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் காட்டிய நீர் உவமை என் நெஞ்சை விட்டு நீங்காதது. இறைவனின் ஐந்து நிலைகளுள் உள்ளுறையும் அந்தர்யாமி நிலத்தடியில் ஓடும் நீர், பரத்துவம் அண்டத்துக்கு அப்பால் சூழ்ந்த நீர், வியூகம் பாற்கடல், அவதாரங்கள் ஒரு காலத்தில் பெருகி ஓடிய ஆறு, கோவிலில் நிற்கும் அர்ச்சையோ அந்த ஆற்று மடுக்களில் தேங்கிய நீர் என்கிறார் அவர். தாகம் கொண்டவன் குனிந்து கையால் அள்ளிப் பருகத் தக்கது இந்தக் கடைசி நீர் ஒன்றே. எளியவனுக்கும் எட்டும் இந்தக் குணத்தையே வைணவம் சௌலப்யம் என்று போற்றியது.

சித்திரக்கதைகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தச் சொல்லே எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. கதை ஆன்மா, காகிதம் தேகம், தேகம் மாறினால் ஆன்மாவுக்கு என்ன குறை என்று வேதாந்தம் பேசுவோர் உண்டு. ஆனால் ஆண்டவன் மேனி தாங்குவதே உயிர்கள்மேல் வைத்த கருணையினால்தான் என்று சைவ சித்தாந்தமும் சொல்லுகையில், உருவத்தின் தகுதியை அதைக் காண வேண்டியவன் நிற்கும் இடத்திலிருந்தன்றோ அளக்க வேண்டும்?

நம் கோவில்களும் சித்திரக்கதை சொன்னவையே. தஞ்சைப் பெரிய கோவிலின் உட்சுற்றில் சுந்தரர் வரலாறு முழுவதும் ஒரே சுவரில் வண்ணத்தில் விரிகிறது; தடுத்தாட்கொண்ட திருமணப் பந்தலும், ஓலையேந்திய முதியவரும், கயிலைக்கு ஏகும் வெள்ளை யானையும் அங்கே உள்ளன. நாயக்கர் காலத்து ஓவியத்தின் அடியில் மறைந்திருந்த அதனை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி வெளிக்கொணர்ந்தார், எனினும் அந்தச் சுற்று இன்றும் பொதுமக்களுக்குத் திறந்த வழியன்று. இரண்டாம் இராஜராஜன் எடுத்த தாராசுரம் கோவிலிலோ நாயன்மார் கதைகள் கருவறையின் புறச்சுவர் அடிப்பகுதியில், அண்ணாந்து பார்க்கத் தேவையில்லாத உயரத்தில், சிறு சிறு கட்டங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. வலம் வரும் குழந்தை ஒரு கட்டத்தின்முன் நின்றால், முதலை தான் விழுங்கிய பாலகனைத் திரும்பத் தரும் அற்புதம் அதன் கண்ணுக்கு நேரே நிகழ்கிறது. கலையில் எது உயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சௌலப்யத்தில் தாராசுரமே உயர்ந்தது.

மலேசியாவின் பெர்னாம் ஆற்றங்கரையில், ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களுக்குத் தாராசுரம் கடலுக்கு அப்பாற்பட்டது. இருள் பிரியுமுன் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய் நின்ற தாய் தந்தையருக்குப் புராணம் சொல்ல ஓய்வு ஏது? மாரியம்மன் திருவிழா ஆண்டுக்கு ஒருமுறை; மற்ற நாட்களில் மளிகைக் கடைக் கயிற்றில் மடித்துத் தொங்கிய அம்புலிமாமாவும், 1967இல் அனந்த பை தொடங்கிய அமர் சித்திரக் கதையின் தமிழ்ப் பதிப்பும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலுக்குப் புராணத்தைக் கொண்டுவந்தன. மட்டமான தாள், சிவப்பு மை கோட்டை விட்டு விலகி முருகனின் இதழுக்குப் பதில் கன்னத்தில் படிந்திருக்கும். ஆயினும் அந்தத் தாளில் கால் பட்டுவிட்டால் பிள்ளைகள் பதறி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிரதிஷ்டை செய்ய ஆசாரியர் எவரும் வராத அந்தத் தாளுக்கு, படித்தவர்களின் பக்தியே சாந்நித்தியம் தந்தது என்று நான் மெய்யாகவே நம்புகிறேன்.

அந்த உலகம் கலைந்துவிட்டது. லயங்கள் காலியாயின, பால்மரமாகிய ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது, 1924இல் பிறந்த தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றது. தமிழகத்தில் 1984இல் எழுந்த ராணி காமிக்ஸ் 2005இல் ஓய்ந்தது. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியில் புறப்பட்ட முத்து காமிக்ஸும், 1984இல் அதனோடு சேர்ந்த லயன் காமிக்ஸும் இன்று உயர்ந்த தாளில், முழு வண்ணத்தில், முன்கூட்டிச் சந்தா செலுத்தும் வாசகர்களை நம்பி வெளிவருகின்றன. அந்த வாசகர்களின் விசுவாசம் இல்லையேல் அவையும் மறைந்திருக்கும்; ஆகையால் கனத்த அட்டைத் தொகுப்புகளை நான் நிந்திக்கத் துணியேன். ஆனால் அவற்றை வாங்குவோரில் பலர் சிறுவயதில் கடைக்கயிற்றிலிருந்து வாங்கியவர்களே. இன்றைய பிள்ளைக்கு அந்தக் கயிறு எங்கே?

கைப்பேசித் திரையே அந்தக் கயிறு என்பாரோடு எனக்குப் பகையில்லை. திரையில் தோன்றி மறையும் உருவம் புனிதமற்றது என்று எங்ஙனம் கூறுவது? மண்ணில் பிள்ளையாரைப் பிடித்து ஆவாகனம் செய்து, பூஜை முடிந்ததும் நீரில் கரைக்கும் மரபு நம்முடையது. உருவத்தின் நிலையாமை நமக்குப் புதிதன்று. திரையில் வரும் சித்திரக்கதைகள் தமிழில் அரிதாயிருப்பதும், கட்டணம் என்னும் கதவுமே குறை. அந்தக் கதவு சாத்தியிருக்கும் வரையில் திரையும், நூறு பேர் மட்டும் வாங்கும் நூலும் பாற்கடலைப் போன்றவையே. அங்கே நீர் உண்டு, தாகம் கொண்டவனால் அங்கே போக முடியாது.

நம் கோவில் நிர்வாகங்கள் திருவிழாவுக்கும் வாணவேடிக்கைக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை ஒதுக்கி, அறுபத்து மூவர் கதைகளை இந்நாட்டு ஓவியர்களைக் கொண்டே மெல்லிய இதழ்களாக வரைவித்து, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரசாதத்தோடு கையில் கொடுக்கலாம். அதே பக்கங்களைக் கட்டணமின்றித் திரையிலும் வைக்கலாம். அன்னதானத்துக்கு உபயதாரர் கிடைக்கும் ஊரில் இதற்கும் கிடைப்பார்கள்.