இரட்டைப்படைப் பூக்கள்

போலந்தில் உயிரோடிருப்பவருக்குப் பூ கொடுப்பதானால் ஒற்றைப்படையில் கொடுக்க வேண்டும். இறந்தவருக்கு இரட்டைப்படையில். மூன்றும் ஐந்தும் ஏழும் பிறந்த நாளுக்கு. நான்கும் ஆறும் எட்டும் சவ அடக்கத்துக்கு. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். இளைஞர்கள் சிலர் இதையெல்லாம் பாட்டிமார் விஷயம் என்று சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே எண்ணி வாங்குகிறவர்களும் உண்டு. மூடநம்பிக்கை என்று சொல்லி இதைத் தள்ளிவிடுவது சுலபம். எனக்குள்ள கேள்வி வேறு. அந்த நம்பிக்கை இல்லாதவன், அந்த மண்ணுக்கு அந்நியன், அந்த எண்ணிக்கையை அனுசரித்து ஒரு சவ அடக்கத்துக்குப் பூ வாங்கிப் போனால் அவன் செய்வது பொய்யா?

நம்முடைய சிறு வட்டத்துக்கு இது அவ்வளவு தூரத்துக் கேள்வி அல்ல என்று நினைக்கிறேன். ஹெர்பெர்ட்டையும் ரூஷெவிச்சையும் ஷிம்போர்ஸ்காவையும் ஆங்கிலத்தின் வழியாகப் படித்து, அலங்காரம் கழன்ற அந்தக் கவிதையை நமக்கு உறவாக்கிக்கொண்டவர்கள் நாம். சொந்த அனுபவத்தில் பிறக்காத சொல் போலிச்சொல் என்பது நம்மிடையே ஏறக்குறைய ஒரு மதமாகவே ஆகிவிட்டது. 'சம்பிரதாயமானது' என்று ஒரு கவிதையைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அதற்குக் கதிமோட்சம் கிடையாது. இந்த அளவுகோலைக் கல்லறைக்குள் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும்.

முதலில் பூக்களைப் பற்றி. போலந்தில் சாவுக்கென்று ஆகிவிட்ட பூ கிரிஸாந்திமம். நம் சாமந்தியின் இனம். பொழுது குறுகக் குறுகத்தான் அது மொட்டுவிடும். மற்ற பூக்களெல்லாம் அடங்கிவிட்ட பிறகு, லேசான பனியையும் தாங்கிக்கொண்டு நிற்கும். நவம்பர் 1 அங்கே சகல புனிதர் திருநாள். தேசம் முழுவதும் கல்லறைகளுக்குப் போகிறது. தொட்டித் தொட்டியாகக் கிரிஸாந்திமமும், ஸ்னிச் என்று அவர்கள் சொல்லும் கண்ணாடிக் கூட்டு விளக்குகளும் குவிகின்றன. செடியின் சுபாவமும் பஞ்சாங்கமும் இப்படிச் சந்தித்துக்கொண்டதில் அந்தப் பூவின் அர்த்தம் இறுகிவிட்டது. போலிஷ் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. இத்தனைக்கும் போருக்கு முந்திய ஒரு பிரபலமான டாங்கோ பாட்டின் தலைப்பே 'தங்கக் கிரிஸாந்திமங்கள்'. அது காதல் பாட்டு. அர்த்தம் பூவுக்குள் இல்லை, மனிதர்கள் போட்டதுதான். போட்டுவிட்ட பிறகு தனி மனிதன் தன் இஷ்டத்துக்கு எடுத்துவிடவும் முடியாது.

கார்னேஷனின் கதையும் இப்படித்தான். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் மார்ச் 8, பெண்கள் தினத்தன்று, அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பெண்களுக்குக் கார்னேஷன் வழங்கப்பட்டது. அந்தப் பூ வெகுகாலம் சர்க்கார் வாசனையிலிருந்து மீளவில்லை. ஒரு பூவை அரசாங்கம் கெடுத்துவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கிராக்கோவில் நான் சில மாதங்கள் தங்கியிருந்த கட்டடத்தில், மேல்மாடிக் கிழவர் ஒருவர் இறந்துபோனார். படிக்கட்டில் வணக்கம் சொல்லிக்கொண்டதற்கு மேல் எங்களுக்குள் பழக்கம் இல்லை. பூக்கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரம்மாள் நிறத்தைக் கேட்கவில்லை, எண்ணிக்கையும் கேட்கவில்லை. ஆறு வெள்ளைக் கிரிஸாந்திமங்களை எடுத்து, ஊசியிலைக் கிளை ஒன்றோடு சேர்த்துக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "ஷார்ஃபா வேண்டுமா?" என்று கேட்டார். ஷார்ஃபா என்பது மலர் வளையங்களில் தொங்கும் அகலமான நாடா. அதன் ஒரு முனையில் 'இறுதி விடை' என்பதுபோல ஒரு வாசகம். மறு முனையில் கொடுப்பவரின் பெயர்: மனைவியும் பிள்ளைகளும், அலுவலக நண்பர்கள், அண்டை வீட்டார். நான் வேண்டாம் என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை.

அந்தக் கேள்விதான் எனக்கு விஷயத்தைத் துலக்கியது. அந்தக் கட்டில் இறந்தவருக்கு உரியவை மூன்று: நிறம், இனம், எண்ணிக்கை. மூன்றுமே எனக்கு முன்பே முடிவு செய்யப்பட்டவை. என்னுடையதாக இருந்திருக்கக்கூடியது நாடா ஒன்றுதான். எண்ணிக்கை இறந்தவரைப் பற்றிப் பேசுகிறது. நாடா கொடுத்தவனைப் பற்றிப் பேசுகிறது. பொய்க்கு இடம் நாடாவில்தான் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் அப்பாவோடு பேசாதிருந்த மகன் 'அன்புத் தந்தைக்கு' என்று எழுதலாம். ஆனால் ஆறு பூவில் பொய் சொல்ல முடியாது. ஆறு பூ 'நீ இறந்துவிட்டாய். எங்களுக்குத் தெரியும்' என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. 'நான் துக்கப்படுகிறேன்' என்றுகூடச் சொல்வதில்லை. அந்தக் கிழவருக்காக நான் துக்கப்படவில்லை. துக்கப்பட்டதாக என் பூவும் சொல்லவில்லை.

விதியை அனுசரிப்பதில் போலித்தனம் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான். சடங்கு என்னிடம் உணர்ச்சியைக் கேட்கவில்லை, ஒரு செயலைக் கேட்கிறது. உணர்ச்சியைக் கேட்டிருந்தால்தான் நான் நடித்திருக்க வேண்டும். மாறாக, என் சுயத்தின் வெளிப்பாடாக இருக்கட்டும் என்று ஏழு மஞ்சள் ரோஜாக்களை நான் கொண்டுபோயிருந்தால், அந்த விதவை தன் கணவனின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு என்னைப் படித்தாக வேண்டும். என் ரசனையை, என் தனித்தன்மையை. அவளுக்கு அன்றைக்கு அதுவா வேலை?

இப்படிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் என் வாதம் மிகவும் சௌகரியமாகப் போய்விடும். சம்பிரதாயம் அதிகாரத்தின் கையிலும் இருக்கிறதே என்று கேட்க வேண்டும். போலந்தின் சரித்திரத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது.

1940 வசந்த காலத்தில் சோவியத் ரகசியப் போலீஸ் ஏறக்குறைய 22,000 போலிஷ் கைதிகளைச் சுட்டுக் கொன்றது. ராணுவ அதிகாரிகள், போலீஸார், இன்னும் பலர். கட்டின் என்பது அந்தக் கொலைக்களங்களில் ஒன்றின் பெயர். எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது. கொன்றது ஜெர்மானியர்கள் என்பதே போருக்குப் பின் போலந்து அரசாங்கத்தின் நிலை. போய் நிற்பதற்குக் கல்லறை இல்லாத குடும்பங்கள் வார்சாவின் போவோன்ஸ்கி ராணுவக் கல்லறையில் ஓர் இடத்தைத் தாங்களாகவே வரித்துக்கொண்டு பூவும் விளக்கும் வைத்துவந்தார்கள். 1981 ஜூலை 31 அன்று அங்கே அனுமதியின்றி ஒரு சிலுவை நிறுத்தப்பட்டது. அன்றிரவே அது அகற்றப்பட்டுவிட்டது. 1985-ல் அரசாங்கமே ஒரு நினைவுச்சின்னம் வைத்தது. கட்டின் மண்ணில் உறங்கும் போலிஷ் வீரர்கள் ஹிட்லரின் ஃபாசிஸத்துக்குப் பலியானவர்கள் என்று அதில் பொறிக்கப்பட்டிருந்தது. உண்மையை மாஸ்கோ ஒப்புக்கொண்டது 1990 ஏப்ரல் 13 அன்றுதான்.

அந்த ஐந்து வருஷங்களில் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்ற ஒரு மகளை நினைத்துப் பார்க்கிறேன். கல் பொய் சொல்கிறது. அதன் முன்னால் பூ வைப்பது பொய்க்குக் கையெழுத்துப் போடுவதா? வைக்காமல் திரும்பிப் போனால் அப்பாவுக்கு யார் வைப்பார்கள்? கல்லும் ஒரு நாடாதான் என்பது என் எண்ணம்: பெரிய, கருங்கல்லாலான, அரசாங்கத்தின் ஷார்ஃபா. அதில் எழுதியிருப்பது கொடுத்தவனின் வாசகம். அவள் வைக்கும் பூ அந்த வாசகத்துக்கு உரியதல்ல, செத்தவனுக்கு உரியது. வாசகம் இல்லாமல் நிற்கக்கூடிய ஒன்றாகச் சடங்கு இருந்ததனால்தான் அவளால் கல்லின் பொய்யில் பங்குகொள்ளாமல் அதன் முன்னால் நிற்க முடிந்திருக்கும். சொல்லை அரசாங்கம் பறித்துக்கொண்ட இடத்தில், சொல்லில்லாத செயல்தான் அவளுக்கு மிச்சம்.

சர்க்கார் பிரதிநிதியும் ஊசியிலை வளையத்தோடு வந்து குனிந்து வைத்துவிட்டுப் போவான். அதுவும் முறைப்படிதான் இருக்கும். உண்மை. முறை யாரையும் யோக்கியனாக்குவதில்லை. அது அவ்வளவு பெரிய வாக்குறுதி எதையும் கொடுக்கவும் இல்லை.

இதே 1981-ல், மே மாதம் கார்டினல் விஷின்ஸ்கியின் சவ அடக்கம் நடந்த வார்சா வெற்றிச் சதுக்கத்தில் ஜனங்கள் பூக்களால் தரையில் ஒரு சிலுவை இட்டார்கள். டிசம்பர் 13-ல் ராணுவச் சட்டம் வந்த பிறகும் அது தொடர்ந்தது. இரவில் அதிகாரிகள் அள்ளிப்போட்டார்கள்; பகலில் மறுபடியும் பூ வந்து சேர்ந்தது. அங்கே பூ பேசியது, ஐயமில்லை. போலீஸுக்கும் புரியும்படி பேசியது. ஆனால் எந்தப் பூ யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பேச்சின் பலமே அதுதான். 'நான்' கழன்றுபோன பிறகு வந்த பேச்சு அது.

இனி 2020. தொற்றுநோயின் உச்சத்தில், அக்டோபர் 30 வெள்ளிக்கிழமை, மறுநாளிலிருந்து நவம்பர் 2 வரை கல்லறைகள் மூடப்படும் என்று பிரதமர் அறிவித்தார். வருஷம் முழுவதும் அந்த மூன்று நாட்களுக்காகவே கிரிஸாந்திமம் வளர்த்தவர்கள் விற்காத தொட்டிகளோடு தெருவில் நின்றார்கள். அரசாங்கம் அவற்றை விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, வாங்கிப் பல இடங்களுக்கும் பகிர்ந்தளித்தது. சாதாரண ஜனங்களிலும் சிலர், விற்பவர்களின் நஷ்டத்தைப் பார்த்து, தொட்டிகளை வாங்கிக்கொண்டுபோய் வீட்டுப் பால்கனியில் வைத்தார்கள். வீட்டுக்குள் வரக்கூடாத பூ பால்கனிக்கு வந்தது. விதியை மீறினார்கள் என்று இதைச் சொல்ல மாட்டேன். விதி யாருக்காக இருந்ததோ அந்த அக்கறையே, இறந்தவரிடமிருந்து, தெருவில் நிற்கும் வியாபாரிக்கு ஒரு வாரம் இடம் மாறியிருந்தது. என் தனித்தன்மையைக் காட்டுவதற்காக விதியை மீறுவது ஒன்று. இன்னொருவனுடைய கஷ்டம் கண்ணில் பட்டதனால் மீறுவது வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

ஒரு நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அப்படியானால் கவிதையிலும் மரபுக்கே திரும்பிப் போய்விடலாமா?" என்று கேட்டார். நான் அதைச் சொல்லவில்லை. கவிதை எழுதுகிறவன் தன் பெயரைப் போட்டுத்தான் எழுதுகிறான். ஒரு வகையில் அவன் எழுதுவது முழுக்கவும் ஷார்ஃபாதான். எனவே அங்கே பொய் சொல்லாமலிருக்கும் பொறுப்பு முழுவதும் அவன் தலைமேல் இருக்கிறது. உண்மையுணர்வு என்ற நம் அளவுகோல் அங்கே சரியானது. அதை எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போவதில்தான் எனக்குச் சம்மதமில்லை. நம்மை மையத்தில் வைக்காத காரியங்களும் உலகத்தில் இருக்கின்றன. இன்னொருவனுடைய சாவு அவற்றில் முதலாவது.

இப்போதெல்லாம் போலந்தின் மரண அறிவிப்புகளில் பூக்கள் வேண்டாம், அந்தப் பணத்தை ஒரு மருத்துவமனைக்கோ அநாதைகளுக்கோ கொடுங்கள் என்ற வேண்டுகோள் அடிக்கடி வருகிறது. அதைப் படித்த பிறகும், மனசு கேட்கவில்லை என்று சொல்லி வளையத்தோடு வந்து நிற்பவர்கள் உண்டு. மனசு கேட்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அங்கே கேட்கப்பட்டது அவர்களுடைய மனசு அல்ல. பணத்தைப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு போய், மண் போடுகிறவர்களின் வரிசையில் கடைசியில் நின்று, தன் முறை வரும்போது ஒரு பிடி போட்டுவிட்டு வருவதே அங்கே சரியான பூ.