கோணல் சுவர்



மலாவி தேசத்தில் 1994-ல் ஆரம்பப் பள்ளிப் படிப்பு இலவசமாயிற்று. பிள்ளைகள் திரண்டு வந்தார்கள், வகுப்பறைகள் போதவில்லை. அப்படி மரத்தடியில் பாடம் நடந்த ஒரு கிராமத்துக்கு, பள்ளிக்கூடம் கட்டவும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கவும் போனேன். ஊரார் தாங்களே செங்கல் அறுத்துச் சூளை போட்டிருந்தார்கள். நான் வைத்த வரிசையோ ஒரே கோணல்! காலையில் போய்ப் பார்க்கிறேன், நேராக நிற்கிறது. ஊர்க் கொத்தனார் ராத்திரியே பிரித்துக் கட்டியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பெருமை நொறுங்கிற்று. அன்றுமுதல் அவருக்குத் தண்ணீர் சுமந்தேன்.

நெகேமியாவின் நாட்களில் அலங்கம் 52 நாளில் எழும்பியதே! அநேகர் தங்கள் வீட்டுக்கு எதிரே கட்டினார்கள். நாம் திரும்பி வந்துவிடுவோம். சுவர் சாய்ந்தால் அவங்க பிள்ளைகள்மேல் அல்லவா விழும்?

ஊழியத்துக்குப் புறப்படுகிற தேவபிள்ளையே, முதலாவது வாளியை எடு. ஆமென்!