வாழ்வதற்குத் தகுதி வேண்டுமா?
யப்பானிய அசைவூட்டத் தொடரொன்றினை முன்வைத்து ஒரு நோக்கு

மனிதன் உயிர் வாழ்வதற்கான உரிமையை எங்கிருந்து பெறுகின்றான்? பிறந்தான் என்பதொன்றே அதற்குப் போதுமா, அன்றிப் பிறர்க்குப் பயன்படுவதன் மூலம் அதனை அவன் ஈட்டிக்கொள்ளல் வேண்டுமா? ஒழுக்கவியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகிய இது, மெய்யியலாளரின் நூல்களில் மாத்திரமன்றி, இளைஞர் பொழுதுபோக்காகக் கண்டு களிக்கும் படைப்புக்களிலும் எழுப்பப்படுவதுண்டு. 'அனிமே' என வழங்கும் யப்பானிய அசைவூட்டத் தொடர்களுள் ஒன்றாகிய 'புங்கோ ஸ்ரே டோக்ஸ்' இவ்வினாவையே தன் மையமாகக் கொண்டுள்ளது. அதன் நிறையும் குறையும் இவ்வினாவுக்கு அது அளிக்கும் விடையிலேயே தங்கியுள்ளன.

அசகிரி கப்கா எழுத, ஹருகாவா சங்கோ வரைந்து, 2012ஆம் ஆண்டு முதல் வெளிவந்த சித்திரக்கதையைத் தழுவியது இத்தொடர். போன்ஸ் நிறுவனம் தயாரிக்க, இகராஷி தக்குயா நெறிப்படுத்தினார். 2016 ஏப்ரிலில் தொடங்கி 2023 வரை 5 பருவங்களில் 60 அங்கங்கள் ஒளிபரப்பாகின. யொக்கோகாமா நகரில், பொலிசாரும் இராணுவமும் கையாளத் தயங்கும் வழக்குகளை ஏற்று நடத்தும் ஒரு துப்பறியும் நிறுவனமே கதைக்களம். அதன் உறுப்பினருட் பெரும்பாலோர் இயற்கையை மீறிய ஆற்றல் படைத்தோர். பாத்திரங்கள் யப்பானின் நவீன எழுத்தாளர்களின் பெயர்களைத் தாங்கியுள்ளனர்; அவர்தம் ஆற்றல்களிற் பலவும் அவ்வெழுத்தாளர்களின் படைப்புக்களை நினைவூட்டும் பெயர்களைப் பெற்றுள்ளன.

கதைத் தலைவன் அட்சுஷி ஓர் அநாதை. நிலவொளியில் வெண்புலியாக மாறும் ஆற்றல் தன்னிடம் உண்டென்பதை அறியாதவன். வளர்ந்த இல்லத்திலே, உலகில் உனக்கு இடமில்லை எனச் சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டு, ஈற்றில் துரத்தப்பட்டவன். நக்கஜிமா அட்சுஷி என்னும் எழுத்தாளர் 1942இல் வெளியிட்ட சிறுகதையிலும் ஒருவன் புலியாகின்றான். ஆங்கு அவனைப் புலியாக்குவது கவிஞனாகப் புகழ் பெற விரும்பியவனின் கர்வமும் கூச்சமும் ஆகும். தொடரிலோ, புலியாகும் இளைஞனிடம் கர்வம் இல்லை. தான் வாழத் தகுதியற்றவன் என்ற எண்ணமே உண்டு. இம்மாற்றம் பொருள் பொதிந்தது. தன்னை மிகையாக மதித்தவனின் துயரம், தன்னை மதிக்கவே கற்பிக்கப்படாதவனின் துயரமாகின்றது.

தொடரின் தலையாய சிறப்பு, ஆற்றல் வேறு, அறம் வேறு என்பதை அது உணர்ந்திருத்தலாகும். இத்தகைய கதைகளில் வலிமை மிக்கவனே நல்லவனாகவும் அமைவது வழக்கம். ஈண்டு அவ்வாறன்று. நிறுவனத்தின் தலைசிறந்த துப்பறிவாளனாகிய ரம்போவிடம் அதீத ஆற்றல் எதுவுமில்லை. கூர்மையான அவதானிப்பு மாத்திரமே உண்டு. தனக்குத் தெரிவது பிறர்க்கு ஏன் தெரியவில்லை எனத் திகைத்து உலகையே அஞ்சிய சிறுவனுக்கு, அது உனக்கே உரிய தனியாற்றல் எனத் தலைவர் புக்குசாவா பொய் சொல்லி ஆறுதலளிக்கின்றார். ஒரு மனிதனைப் பிற மனிதரோடு வாழவைப்பதற்காகச் சொல்லப்படும் பொய் குற்றமாகுமா என்ற வினாவை இது எழுப்புகின்றது.

மருத்துவர் யொசானோவின் கதை இதனினும் ஆழமானது. இறக்கும் தறுவாயிலுள்ளோரை முழுமையாகக் குணப்படுத்தும் ஆற்றல் அவளுடையது. சிறுமியாக இருந்த காலத்தில் அவள் போர்முனைக்குக் கொண்டு செல்லப்படுகின்றாள். அவளாற் பிழைத்த வீரர் மீண்டும் போருக்கு அனுப்பப்படுகின்றனர். மீண்டும் சிதைந்து, மீண்டும் பிழைக்கின்றனர். தான் காப்பாற்றப்பட்ட தடவைகளைக் கோடுகளாகக் குறித்துவந்த வீரனொருவன் ஈற்றில் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்கின்றான். உயிர் காத்தல் என்னும் உயர்ந்த செயலும், எதற்காகக் காக்கப்படுகின்றது என்ற கேள்வி மறக்கப்படின் கொடுமையாகிவிடும் என்பதை இப்பகுதி காட்டுகின்றது. மனிதனை ஒருபோதும் வெறும் சாதனமாக மாத்திரம் கொள்ளலாகாது என 1785இல் கான்ற் வகுத்த நெறிக்கு இதனிலும் தெளிவான உதாரணம் காண்டல் அரிது.

எனினும், பிறர் செய்யுமிடத்துத் தான் கண்டிக்கும் இக்குற்றத்தைத் தொடர் தன் நாயகர் விடயத்தில் தானே இழைக்கின்றது. இதுவே அதன் முதன்மையான குறைபாடு.

நிறுவனத்திற் சேருவதற்கு ஒரு பரீட்சை உண்டு. அட்சுஷி வெடிகுண்டின் மீது தன் உடலைக் கிடத்திப் பிறரைக் காக்க முயல்கின்றான்; அதனால் தேர்ச்சி பெறுகின்றான். பின்னர் புகையிரதத்தில் ஆபத்து நேர்ந்தபோது, இப்பயணிகளைக் காப்பாற்றினால் நானும் வாழலாம் என்றாகாதா என்று எண்ணுகின்றான். இச்சிந்தனை அவன் பட்ட காயத்தின் வெளிப்பாடேயன்றித் தொடரின் கருத்தன்று எனச் சிலர் வாதிடலாம். இவ்வாதம் ஓரளவுக்கே பொருந்தும். ஏனெனில், கதையின் அமைப்பே அவ்வெண்ணத்தை மெய்ப்பிக்கின்றது.

கியோக்காவின் கதை இதற்குத் தக்க சான்று. மாபியாக் கும்பலாற் பயன்படுத்தப்பட்டு 35 பேரைக் கொன்ற பதினான்கு வயதுச் சிறுமி அவள். இனிக் கொல்ல விரும்பாத அவள், இரண்டாம் பருவத்தின் முடிவில், நகரைக் காப்பதற்காகத் தன்னுயிரையே கொடுக்கத் துணிகின்றாள். அக்கணத்திலேதான் அவள் பரீட்சையில் தேறியவளாகின்றாள். தன் கீழுள்ளோரின் ஆற்றலைக் கட்டுப்படுத்தும் புக்குசாவாவின் சக்தி அப்போதுதான் அவளைச் சென்றடைந்து, உயிர் தப்ப உதவுகின்றது. அச்சக்தியின் பெயரோ, பிறப்பால் மனிதருள் உயர்வு தாழ்வு இல்லை என 1872இல் வெளியான தம் நூலின் தொடக்கத்திலே வலியுறுத்திய புக்குசாவா யுகிச்சியின் கருத்திலிருந்து பிறந்தது. சமத்துவத்தின் பெயர் தாங்கிய பாதுகாப்பு, சாகத் தயாரானவளுக்கே கிட்டுகின்றது! சாகத் துணியாத சிறுமி வாழத் தகுதியற்றவளா? தொடர் இவ்வினாவைக் கேட்பதில்லை.

பிறிதொரு குறைபாடு தசாய் ஒசாமு என்னும் பாத்திரம் பற்றியது. அழகிய பெண்ணொருத்தியுடன் இணைந்து தற்கொலை செய்துகொள்ள வேண்டும் என்ற அவனது விருப்பம் மீண்டும் மீண்டும் நகைச்சுவையாகக் கையாளப்படுகின்றது. எழுத்தாளர் தசாய் 1948இல் ஒரு பெண்ணுடன் உண்மையிலேயே அவ்வாறு மாண்டவர். வாழ்வின் பெறுமதியை ஆராய முற்படும் படைப்பொன்று, வாழ்வைத் துறக்கும் வேதனையைச் சிரிப்புக்குரியதாக்குதல் அதன் நோக்கத்துக்கே முரணாகும்.

ஆயின், இதே பாத்திரத்தின் கடந்த காலத்தைச் சொல்லும் பகுதியிலேதான் தொடர் தன் உச்சத்தைத் தொடுகின்றது. மாபியாவில் இருந்தும் கொலை செய்ய மறுக்கும் ஓடா, நாவல் எழுத வேண்டும் என்ற கனவுடன் அநாதைக் குழந்தைகளைப் பராமரித்து வருபவன். சில விநாடிகள் முன்கூட்டியே எதிர்காலத்தைக் காணும் அவனது ஆற்றலால் அக்குழந்தைகளைக் காப்பாற்ற முடியவில்லை. இறக்கும்போது அவன் நண்பன் தசாயிடம் வேண்டுவது, மனிதரைக் காக்கும் பக்கத்திற் சேர்ந்துகொள் என்பதே. நன்மையும் தீமையும் உனக்கு ஒன்றுதான் என்றால் நன்மையைத் தேர்ந்துகொள், அது சற்றே அழகானது என்பது அவன் கூற்றின் சாரம். இங்கு நற்செயல் வாழ்வுக்கான விலையன்று, பரீட்சையுமன்று. வாழும் ஒருவன் தன் வாழ்வைக் கொண்டு செய்யத்தக்க ஒன்று, அவ்வளவே.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தொடரில் ஒன்றோடொன்று முரண்படும் இரு விடைகள் உள்ளமை புலனாகும். பிறரைக் காப்பவனுக்கே வாழும் உரிமை உண்டு என்பது ஒன்று. அட்சுஷியும் கியோக்காவும் அதன் வழி நடத்தப்படுகின்றனர். வாழும் உரிமை முந்தியது, நன்மை அதன்பின் மலர்வது என்பது மற்றையது. ஓடாவின் இறுதிச் சொற்கள் அதன் குரல். பயன்பாட்டை உரிமையின் அளவுகோலாக்கும் முதலாவது விடை அட்சுஷியைத் துரத்திய இல்லத்தின் நியாயத்துக்கே மிக அண்மையில் நிற்கின்றது. நோயாளரும் முதியோரும் குழந்தைகளும் அவ்வளவுகோலின் முன் தோற்றுப்போவர்.

யொசானோ அக்கிகோ 1904இல், ருசிய யப்பானியப் போர்க்காலத்தில், போர்முனை சென்ற தம் தம்பியை நோக்கி இறந்துவிடாதே என வேண்டிக் கவிதை எழுதினார். தொடரில் மருத்துவர் யொசானோவின் ஆற்றல் அக்கவிதையின் பெயரையே தாங்கியுள்ளது. அக்கவிதையின் வேண்டுதல் தம்பியின் வீரத்தையோ பயனையோ அளந்து எழுந்ததன்று. அவன் உயிரோடிருத்தல் வேண்டும் என்பதே அதன் முழுக் கோரிக்கை. அப்பெயரைக் கடன்வாங்கிய தொடர், அதன் பொருளையும் அட்சுஷிக்கு வழங்கியிருப்பின், தான் எழுப்பிய வினாவுக்கு நேரிய விடை கண்டிருக்கும்.