திரையின் வலது மூலை

கவனம் சிதறுகிறது என்று புகார் சொல்வது எழுத்தாளனுக்கு எப்போதும் கௌரவமான காரியமாகவே இருந்துவந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ரேடியோ, கோயில் ஒலிபெருக்கி என்று நீளும் புகார்களில் கடைசியாகச் சேர்ந்திருப்பது, கம்ப்யூட்டர் திரையின் மூலையில் எழும்பி மறையும் மின்னஞ்சல் அறிவிப்பு. படிக்க முடியவில்லை, ஒரு கவிதையோடு அரைமணி உட்கார முடியவில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு பொய் இருந்தது.

கரியாலூரில் வங்கி குமாஸ்தாவாக இருக்கிறேன். கல்வராயன் மலைமேல் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். திரும்பக் கிடைத்ததும் அதுவரை எங்கோ தேங்கிக் கிடந்த கடிதங்கள் மொத்தமாக வந்து விழும். வலது மூலையில் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பும். உறைப் படத்தின் அருகில் எண் ஏறும்: 17, 23, 31. இணைப்பு இல்லாத நேரங்களில் எனக்குக் கிடைத்த அமைதியை என் மனப்பக்குவம் என்று நினைத்திருந்தேன். அது வெறும் கம்பிக் கோளாறு.

ஒருநாள் கவுன்ட்டரில் வயதான மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருத்தி நின்றாள். முதியோர் உதவித்தொகை வாங்க வந்தவள். பணத்தை எண்ணி முடிச்சில் கட்டியபின், போகாமல் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பாஸ்புக்கைப் பற்றியோ, மகனைப் பற்றியோ. இரண்டு வார்த்தை வந்திருக்கும். மூலையில் சீட்டு எழும்பியது. நான் பார்த்தேன். முந்தின நாளே அனுப்பிவிட்ட ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு ஒரு நினைவூட்டல். சில விநாடிகள்தான். திரும்பியபோது அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். “நீ வேலயப் பாரு சாமி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கவனச் சிதறலால் நேரம் வீணாகிறது என்ற கணக்கு இங்கே எடுபடாது. சில விநாடிகளுக்கு என்ன கணக்கு? நடந்தது வேறு. எதிரில் நின்றவளுக்கும் எதிரில் இல்லாத ஒருவருக்கும் இடையில் யார் முதல் என்ற கேள்வி எழுந்தது. நான் யோசிக்குமுன்பே என் கண் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அறிவிப்பு என்ற சாதனத்தின் குணம் இதுதான். கடிதம் தன் முறைக்காகக் காத்திருப்பதில்லை, முறையையே மாற்றிவிடுகிறது. மேலிடத்து அவசரமும் துணிக்கடை விளம்பரமும் அதே அளவுச் சீட்டில், அதே சத்தத்தோடு வருகின்றன. எது முக்கியம் என்று பார்க்கப் போன கணத்திலேயே எல்லாம் முக்கியமாகிவிடுகிறது.

எனக்கு முந்திய தலைமுறை குமாஸ்தாக்களுக்கும் காகிதம் குறைவாக வரவில்லை. ஆனால் தபாலுக்கு ஒரு வேளை இருந்தது. கட்டைப் பிரித்து, முத்திரை குத்தி, இன்வார்டு ரிஜிஸ்டரில் எண் போட்டு, மேஜை மேஜையாகப் பிரித்துக் கொடுத்தால் முடிந்தது. ரிஜிஸ்டரின் எண்ணும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அந்த எண் வந்ததைச் சொன்னது, செய்யாததைச் சொல்லவில்லை. படிக்கப்படாதவை 31 என்று திரை சொல்லும்போது, யாரிடம் பட்டது என்று தெரியாத ஒரு கடன் என் பேரில் எழுதப்படுகிறது. அதை வாங்கியது நானல்ல. ஆனாலும் தீர்க்காதவரை உறுத்துகிறது.

1980இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த யூனிக்ஸ் தொகுப்பில், கடிதம் வந்ததும் திரையில் தகவல் சொல்லும் சிறு நிரல் ஒன்று இருந்தது. பெயர் பிஃப். அங்கே பலருக்கும் பழக்கமான ஒரு நாயின் பெயர் அது. தபால்காரரைக் கண்டால் குரைக்கும் நாய் என்று பின்னால் கதை சொன்னார்கள். அது கட்டுக்கதை என்று அந்த வட்டத்தினரே மறுத்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஓர் எழுத்தைச் சேர்த்து அடித்தால் அந்த நாய் விழித்துக்கொள்ளும்; இன்னொரு எழுத்தை அடித்தால் படுத்துக்கொள்ளும். வேண்டும் என்றவன் எழுப்பிக்கொண்டான். இன்று நாம் எழுப்பாமலே விழித்திருக்கிறது. படுக்கவைக்க நாம்தான் வழி தேடவேண்டும்.

தேடினேன். கடினமில்லை. சீட்டு, சத்தம், உறைப்படம், எண் எல்லாவற்றையும் தனித்தனியாக நிறுத்தலாம். நிறுத்தினேன். கவுன்ட்டர் திறக்குமுன் ஒருமுறை, மூடியபின் ஒருமுறை கடிதங்களைப் பார்ப்பது. அவசரமென்றால் தொலைபேசியில் கூப்பிடுங்கள் என்று சொல்லிவைப்பது. தபால் வேளையைத் திரும்பக் கொண்டுவந்தேன் என்று சொல்லலாம். இப்படிச் சொல்லிவைக்க முடியாத வேலைகளில் இருப்பவர்கள் அநேகம் என்பதும் தெரியும். எனக்கு முடிந்தது. அவ்வளவுதான்.

ஆனால் பல நாட்கள் என் கண் அந்தக் காலி மூலைக்குப் போய்க்கொண்டே இருந்தது. எதிரில் ஆள் பேசும்போது போயிற்று. வீட்டில் கவிதை படிக்கும்போது போகவில்லை. இங்கேதான் என் பொய் எனக்குப் பிடிபட்டது. கவிதைக்கு முன்னால் நான் கவனமாகத்தான் இருந்திருக்கிறேன். கவனம் சிதறியதெல்லாம் மனிதர்களுக்கு முன்னால். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இந்த உத்தியோகத்தில் இருந்திருந்தால் லெட்ஜரைப் பார்த்துக்கொண்டே அவளுக்குத் தலையாட்டியிருப்பேன். சீட்டு எனக்கு ஒரு சாக்கு.

1976வரை இந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. கூப்பிட்டால் சொந்தக் காட்டு வேலையை விட்டுவிட்டுக் கூலியில்லாமல் போய் உழைக்கவேண்டியிருந்தது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் முகத்தைத் திருப்பினால் பேச்சை நிறுத்திக்கொள்ள அவள் அங்கேதான் கற்றாள் என்று முடிவுகட்ட எனக்கு உரிமையில்லை. இருந்தாலும், அவள் நிறுத்திய விதம் முதல் தடவை நிறுத்துகிறவளுடையதாக இல்லை. எனக்குக் கவனச் சிதறலாக இருந்தது அவளுக்கு உத்தரவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கூர்ந்து கவனிக்கப் பழக்குவது இலக்கியம் என்று நம் வட்டத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு வரியில் தவறி விழுந்த சொல்லை நாம் கண்டுபிடித்துவிடுகிறோம். கவுன்ட்டரில் பாதியில் நின்ற வாக்கியம் நமக்குக் கேட்பதில்லை. கவிதைக்காக மட்டும் அமைதி கேட்கிறவன் வசதி கேட்கிறான். இப்படிச் சொல்வது கவிதைக்கு எதிரானதல்ல. அங்கே கற்றது இங்கே செல்லுபடியாகவில்லை என்றால் என்ன கற்றோம் என்று கேட்கிறேன்.

அடுத்த மாதம் அவள் வந்தாள். மூலை காலியாக இருந்தது. போன தடவை ஏதோ சொல்ல வந்தாயே அம்மா, என்ன என்று கேட்டேன். சற்று யோசித்தாள்.

“அப்பிடியா சாமி? நெனப்பில்லியே” என்றாள்.