சிரிப்பின் கடன்

2009-ஆம் ஆண்டு 'மிஸ் சிங்கப்பூர் வோர்ல்டு' ஆன ரிஸ் லோ என்னும் இளம்பெண், ரேசர் டிவி பேட்டியில் அகராதியில் இல்லாத 'பூம்ஸ்' என்ற சொல்லைச் சொன்னார். பேட்டி இணையத்தில் பரவி ஊரே நகைத்தது. (அழகுப் போட்டி நமக்கு உகந்ததன்று, அது வேறு பேச்சு.) சிராங்கூன் ரோட்டுக் கடையிலிருந்து நாமும் அச்சொல்லைச் சொல்லிச் சிரித்தோம். நம் இங்கிலீஷ் மட்டும் சீமை இங்கிலீஷா?

ஹுஜ்ராத் சூரா பரிகாசத்தை விலக்கியிருப்பது நாமறிந்ததே. ஆயினும், ஆயிரம் பேரோடு சேர்ந்து சிரித்தால் நம் பங்கு அற்பம் என்று நினைக்கிறோம். ஆயிரம் பேர் ஆளுக்கொரு காசு எடுத்தால் கல்லா என்னாகும், சகோதரர்களே?

நிறுவை குறைந்தால் வாடிக்கைக்காரரைத் தேடிப்போய்க் கொடுத்துவிடலாம். அடியாருக்குச் செய்த தீங்கை அந்த அடியாரே பொறுக்கவேண்டும் என்பர் ஆலிம்கள். நேரில் கண்டிராத அப்பெண்ணிடம் எங்கே போய் மாப்புக் கேட்பது?